லைன் வீடுகளை இடித்துவிட்டு எந்தத் தங்கவயலைக் காட்டப் போகிறீர்கள்?

கோலார் தங்கவயலின் பாரம்பரியச் சின்னங்களைத் தொகுக்கும் குழுவினர் அவர்களுக்கு,

பொதுமக்கள் பார்வைக்குத் தாங்கள் வைத்திருக்கும் முதல் பட்டியலையும், அதனோடு இணைத்துள்ள நகர வரலாற்றுச் சுருக்கத்தையும் மூன்று முறை படித்தேன். அவசரத்தில் எதையோ விட்டுவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் முறையும், கண்ணில்தான் கோளாறோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தேன். பங்களாக்கள் இருக்கின்றன, கிளப் இருக்கிறது, கோல்ஃப் மைதானம் இருக்கிறது, வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழிகளான ஷாஃப்டுகளின் மேல் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரங்களும் இருக்கின்றன. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்றுகூட இல்லை. வரலாற்றுச் சுருக்கத்தில் 'தொழிலாளர்' என்னும் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. முதல் இடத்தில், இப்பகுதியில் மலிவாகத் தொழிலாளர் கிடைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் இடத்தில், தொழிலாளர் பிரச்சினைகளால் உற்பத்தி பாதிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நூற்றிருபது ஆண்டுகள் பூமிக்குள் இறங்கி ஏறிய மனிதர்களைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல இருந்தது இவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால்கூட, படித்துவிட்டு வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பேன். பட்டியலின் கடைசிப் பக்கத்தில், சுற்றுலாப் பயணிகளின் பேருந்துகளும் கார்களும் நிற்பதற்காக, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பக்கம் எஞ்சியிருக்கும் ஒரு வரிசை லைன் வீடுகளை 'பயன்பாடற்ற கட்டுமானங்கள்' என்று வகைப்படுத்தி அப்புறப்படுத்தலாம் என்று பரிந்துரைத்திருக்கிறீர்கள். அந்த வரிசையில்தான் நான் பிறந்தேன். அதனால் எழுதவில்லை, அந்த வரிசை போய்விட்டால் இந்த ஊரில் தொழிலாளி எப்படி வாழ்ந்தான் என்று கைநீட்டிக் காட்ட ஓர் இடம் குறைந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டியது சிறிதளவே. என் தாத்தா வட ஆர்க்காட்டில் குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, நிலமும் இல்லாமல் கூலியும் இல்லாமல், மேஸ்திரி ஒருவர் கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு இங்கே வந்தவர். என் தந்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், உள்ளே மரத் தாங்கல் அமைக்கும் டிம்பர்மேனாக இருந்தவர். நான் படித்ததால் பூமிக்குள் இறங்காமல் டைம் ஆபீசில் எழுத்தராக வேலை பார்த்தேன். சுரங்கம் மூடப்பட்ட 2001 பிப்ரவரி 28 வரை வருகைப் பதிவேடுகளை எழுதியது என் கை. மூன்று தலைமுறையில் ஒருவன் மட்டும் மேலேயே இருந்தவன் என்பதால், கீழே போனவர்களின் கணக்கைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

தங்கள் சுருக்கம் 1875-ல் மைக்கேல் லவேல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றதில் தொடங்குகிறது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1802-ல், எல்லை அளக்க வந்த, ஆங்கிலேயர் படையைச் சேர்ந்த ஜான் வாரன் என்னும் அதிகாரிக்கு, ஊரிகம் கிராமத்து மக்கள் மண்ணைக் கழுவித் தங்கத் துகளைப் பிரித்துக் காட்டினார்கள். மாரிகுப்பத்தில் குழிகளுக்குள் இறங்கிக் கல்லை வெட்டி மேலே அனுப்பிக்கொண்டிருந்த ஏழை மக்களை அவர் நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால் இங்கே தங்கம் இருக்கிறது என்று வெள்ளைக்காரருக்குச் சொன்னவர்கள் இந்த ஊர்க்காரர்கள். லவேலின் குதிரையைப் பற்றிக்கூட ஒரு வரி எழுதிய தாங்கள், வாரனுக்கு மண்ணைக் கழுவிக் காட்டியவர்களைப் பற்றி எழுத இடமில்லாமல் போனது எப்படி என்று கேட்கிறேன்.

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்து, மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் பெருகியபோது, வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் சேரிக்கு வெளியே கால் வைக்கத் தடை இருந்தவர்களுக்கு, பூமிக்கு அடியில் கால் வைக்கத் தடை இருக்கவில்லை. என் தாத்தா இதை வேறு விதமாகச் சொல்வார்: "ஊர்ல செருப்புப் போட்டா அடிப்பான், இங்க செருப்பில்லாம இறங்கினா கல்லு அடிக்கும்." எது மேல் என்று கேட்டால், கல்தான் மேல், அதற்கு ஆளைத் தெரியாது என்பார். வந்தவர்களுக்காக நிர்வாகம் கட்டிய குடியிருப்புகளே லைன்கள். தொடக்கத்தில் மூங்கில் தட்டிச் சுவர், அதன்மேல் மண்பூச்சு, வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்ற ஒற்றை அறைகள். பிற்காலத்தில்தான் செங்கல்லும் ஓடும் தகரமும் வந்தன. இன்றும் எங்கள் ஊரில் முதியவர்கள் அதைத் 'தட்டி வீடு' என்றே சொல்வார்கள்.

அந்த வீட்டைத் தாங்கள் ஒரு முறையாவது உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நாங்கள் இருந்த அறையின் ஒரு மூலையில் அடுப்பு. எதிர் மூலையில் குளிப்பதற்கு ஒரு சதுரம் சிமெண்டுத் தரை. நடுவில் எட்டுப் பேர். என் தந்தைக்கு இரவு ஷிப்ட் என்றால் பகலில் அவர் தூங்க வேண்டும் என்பதற்காக, ஐந்து பிள்ளைகளையும் அம்மா வெளியே விரட்டிவிடுவார். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கு அடுத்த வீட்டிலும் அப்படியே. எந்த வாரம் எந்த வீட்டில் யார் பகலில் தூங்குகிறார் என்பது எங்கள் வரிசையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்த வாசலைத் தாண்டும்போது பம்பரம் விடக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் அவ்வளவு மெல்லியது என்பதால், பக்கத்து வீட்டுப் பெரியவர் இரவில் எத்தனை முறை இருமினார் என்பதை மறுநாள் அம்மா குழாயடியில் சொல்வார். குழாயடி என்பது பேத்தமங்கலத்திலிருந்து வந்த தண்ணீருக்காக வரிசையில் குடம் வைத்துக் காத்திருக்கும் இடம். ஊர்ச் செய்தி முழுவதும் அங்கேதான் பரிமாறப்பட்டது. சுரங்கத்துச் சங்கு ஊதினால் அரிசி களைவார்கள், அடுத்த சங்குக்குச் சோற்றை வடிப்பார்கள். எங்கள் வரிசையில் கடிகாரம் இருந்த வீடு ஒன்றுதான், அதுவும் ஓடாது.

அந்த இருமலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குவார்ட்ஸ் பாறையைத் துளையிடும்போது கிளம்பும் தூசு நுரையீரலில் படிந்து இறுகும் சிலிகோசிஸ் நோய், இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1947-ல் எங்கள் ஊரில். 1940களில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, பத்துப் பேரில் நான்கு பேருக்கும் மேலாக அந்நோய் இருந்தது. லைனில் அதற்குப் பெயர் தெரியாது. "டஸ்ட் புடிச்சிடுச்சு" என்பார்கள். பிடித்தது விடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தங்கள் பட்டியலில் சுரங்க மருத்துவமனையின் கட்டடக் கலையைப் பற்றி, அதன் கூரையையும் தாழ்வாரத்தையும் பற்றி, ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு வரி சேர்ப்பதால் கட்டடக் கலை குறைந்துவிடாது.

சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குப் போனது என்பதை உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெருமைதான், மறுக்கவில்லை. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸுக்கு மேல். ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டான கேஜில் ஏறி, ஒரு ஷாஃப்டில் இறங்கி, உள்ளேயே நடந்து, மற்றொரு ஷாஃப்டில் மீண்டும் இறங்கி வேலையிடத்தை அடைய நேரம் பிடிக்கும். குளிர்காற்றை மேலிருந்து செலுத்துவார்கள். அது போய்ச் சேரும் இடமும் உண்டு, போய்ச் சேராத இடமும் உண்டு என்று தந்தை சொல்வார். அவர் வேலைக்குக் கொண்டுபோன துணியைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகும். அது தண்ணீர் அல்ல என்பது எனக்குப் பத்து வயதுக்குப் பிறகே புரிந்தது.

ஆழம் கூடக் கூட, பாறைக்குள் அடங்கியிருக்கும் அழுத்தமும் கூடும். தங்கத் தாதுவை வெட்டியெடுத்த இடம் வெற்றிடமாகும்போது சுற்றியிருக்கும் பாறை ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். புத்தகத்தில் அதற்கு 'ராக் பர்ஸ்ட்' என்று பெயர். பழைய காலத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். அந்த வெற்றிடத்தை மரத்தாலும் கருங்கல் அடுக்குகளாலும் தாங்கி நிறுத்துவதுதான் என் தந்தை போன்ற டிம்பர்மேன்களின் வேலை. அதாவது எந்த இடம் இடியுமோ அந்த இடத்துக்கு முதலில் போவது அவர்கள். வெடிப்பு பெரிதாக இருந்தால் மேலே ஊரே அதிரும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு மாலை, பலகையில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைச் சொம்பு உருண்டு விழுந்தது. அம்மா அதை எடுக்கவில்லை. வெளியே ஓடினார். அதற்குள் வரிசையில் எல்லா வாசல்களிலும் பெண்கள் நின்றார்கள். "எந்த ஷாஃப்டு, எந்த ஷாஃப்டு" என்ற ஒரே கேள்விதான். பிறகு எல்லோரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். ஓடவில்லை, நடந்தார்கள், ஏனென்றால் ஓடினால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கேஜ் மேலே வரும் ஒவ்வொரு முறையும் முகங்களை எண்ணினார்கள். என் தந்தை மூன்றாம் முறை வந்தார். எங்களோடு நின்றிருந்த மூன்று வீட்டுப் பெண்கள் விடியும்வரை அங்கேயே நின்றார்கள். மறுநாள் குழாயடியில் யாரும் பேசவில்லை.

எங்கள் ஊரில் 1988-ல் பாறை இயக்கவியலுக்கென்று தேசிய அளவில் ஓர் ஆய்வு நிறுவனம் அமைந்தது தற்செயல் அல்ல. பாறை எப்படி உடையும் என்பதை நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த பாடசாலை இந்தச் சுரங்கங்கள். பாடத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் லைன்களில் இருந்தார்கள். பட்டியலில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு வெள்ளைக்காரருக்கும் பெயரும் ஆண்டும் பொறித்த கல் இருக்கிறது. அதைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. இறந்தவர்களோடு எனக்கு வழக்கில்லை. கீழே மாண்ட தொழிலாளர்கள் அனைவரின் பெயரையும் வரிசையாகச் சொல்லும் ஒரு கல் இந்த ஊரில் எங்கே என்று மட்டும் கேட்கிறேன்.

பெயர்கள் இல்லாமல் இல்லை என்பதை, பதிவேடுகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்ல முடியும். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. வில்லை திரும்பி வராவிட்டால் ஆள் மேலே வரவில்லை என்று பொருள். விபத்து நடந்தால் எண், பெயர், தந்தை பெயர், வேலை, இடம், நேரம் எல்லாம் எழுதப்படும். சுரங்கம் மூடிய சில ஆண்டுகளுக்குப் பின், அலுவலகக் கட்டடம் ஒன்றைக் காலி செய்தவர்கள், அப்படிப்பட்ட பதிவேடுகளைக் கயிற்றால் கட்டி எடைக்குப் போட்டுக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆண்டர்சன்பேட்டைக் கடை ஒன்றில் என் கையெழுத்திலேயே இருந்த தாளில் வேர்க்கடலை மடித்துக் கொடுத்தார்கள். கடலையைத் தின்னவில்லை. அந்தக் கடைக்காரரிடம் கெஞ்சி மீதியிருந்த தாள்களையும், பழைய காகிதக்காரரிடம் பணம் கொடுத்து நான்கு முழுப் பதிவேடுகளையும் வாங்கிவந்து வீட்டில் வைத்திருக்கிறேன். அவற்றைக் கறையான் தின்னாமல் காப்பது ஓய்வுபெற்ற ஓர் எழுத்தரின் வேலையா, ஒரு பாரம்பரியக் குழுவின் வேலையா என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்.

'தொழிலாளர் பிரச்சினைகள்' என்று தாங்கள் ஒரு சொற்றொடரில் அடக்கியதற்குள் என்னென்ன இருந்தன என்பதையும் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள், தங்கத்தை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று உடைகளைக் களையச் செய்து சோதிக்கப்பட்டார்கள். நாள் தவறாமல், வாழ்நாள் முழுவதும். 1930-ல் எல்லாத் தொழிலாளர்களையும் கைரேகை வாங்கிப் பதிவு செய்யத் திட்டம் வந்தபோது, குற்றவாளிகளைப் போல எங்களை நடத்தாதீர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் இறங்க மறுத்தார்கள். அப்போது சங்கம் கிடையாது. பேச்சுக்கு ஒருவரை அனுப்புங்கள் என்று நிர்வாகம் கேட்டபோது ஒருவரும் தனியாக முன்னே வரவில்லையாம். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னதாம். தனியாகப் போனவனின் பெயர் நாளைக்குப் பட்டியலில் ஏறும் என்று தெரிந்த புத்திசாலித்தனம் அது என்று தாத்தா சிரிப்பார். 1946 நவம்பர் 4 அன்று நடந்ததற்குச் சிரிக்க மாட்டார். அன்று காவல்துறையின் நடவடிக்கையில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்றும் அந்த நாளில் தொழிலாளர் குடும்பங்கள் கூடி அவர்களை நினைவுகூர்கின்றன. தங்கள் சுருக்கத்தின் கால அட்டவணையில் 1946 என்ற ஆண்டே இல்லை. கோல்ஃப் மைதானத்தில் புல் மாற்றப்பட்ட ஆண்டு இருக்கிறது.

உழைத்தார்கள், அடிபட்டார்கள், செத்தார்கள் என்று மட்டும் எழுதினாலும் அது அரைகுறை வரலாறாகவே இருக்கும். இந்த லைன்களில் வாழ்ந்தவர்கள் படித்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். சாதி எதிர்ப்பும் பௌத்தமும் பேசிய அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தோள் கொடுத்தவர்களில் தங்கவயல் தொழிலாளர்கள் முதன்மையானவர்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. நாள் முழுவதும் கல் உடைத்தவர்கள் மாலையில் கூடிப் புத்தரின் போதனையான தம்மத்தையும் வரலாற்றையும் விவாதித்தார்கள். 1914-ல் பண்டிதர் மறைந்து, சில ஆண்டுகளில் இதழும் நின்றுபோன பிறகு, 1926-ல் அதே பெயரில் அப்பாதுரையார் மீண்டும் இதழை வெளியிட்டது இந்த ஊரிலிருந்துதான். பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுத் தமிழுலகுக்குக் காப்பாற்றித் தந்ததும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. எழுத்தறிவற்ற கூலிகள் என்று கருதப்பட்டவர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு எடுத்து ஓர் அறிவு மரபையே காத்திருக்கிறார்கள். கிளப்பின் நூலகத்தில் இருந்த ஆங்கில நாவல்களின் எண்ணிக்கையைத் தரத் தெரிந்த குழுவுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்பது எனக்கு விளங்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றித் தாங்கள் எழுதியிருப்பது சரியே. 1902 ஜூன் 30 அன்று சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியில் மின்சாரம் வந்தது அன்றைய உலகில் பெரிய சாதனை. அடுத்த வரியில் 'நகரம் ஒளிர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். சுரங்கம் ஒளிர்ந்தது, பங்களா ஒளிர்ந்தது. அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்துக் கல்யாணமாகி வந்த என் பாட்டி, லைனில் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். பாறையையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகளான நியூட்ரினோவின் ஆய்வைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 1965-ல் ஹீத்கோட் ஷாஃப்டில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களில் நம் நாட்டு அறிவியலாளர்களும் இருந்தார்கள் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டிய செய்தி. அந்தக் கருவிகளைப் பகுதி பகுதியாகக் கேஜில் இறக்கி, இருட்டில் சுமந்துபோய், இடத்தைத் தாங்குகட்டி நிறுத்திக் கொடுத்தவர்களும் யாரோ சிலர்தானே. அறிவியலாளர்களுக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் ஒரு வரி உண்டு என்றால் அறிவியலுக்கு என்ன குறை?

இனி, சைனைட் மேடுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண், மூன்று கோடி டன்னுக்கும் மேல், எங்கள் ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. அவற்றில் ஒன்றை 'புகைப்படம் எடுக்க ஏற்ற இடம்' என்று தங்கள் பட்டியல் பரிந்துரைக்கிறது. ஆடி மாதத்துக் காற்றில் ஒருமுறை வந்து எடுத்துப் பாருங்கள் என்று அழைக்கிறேன். அந்த மாதங்களில் சோற்றுப் பானையை மூடாமல் எங்கள் வீடுகளில் யாரும் இறக்கியதில்லை. காயப்போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறத்தில் வீட்டுக்குள் வரும். அங்கே படம் எடுக்க வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. அந்த மண் எங்கிருந்து வந்தது, காற்றடித்தால் எங்கே போகிறது என்று ஒரு பலகையாவது நடுங்கள்.

ஒரு கேள்வியைத் தாங்கள் எழுப்பக்கூடும் என்று எதிர்பார்க்கிறேன்: அந்த வரிசை வீடுகள் சிதைந்து கிடக்கின்றன, அழகில்லை, யார் பார்க்க வருவார்கள்? சிதைந்திருப்பது உண்மை. பங்களாக்களும் சிதைந்துதான் இருந்தன. அவற்றுக்குக் கூரை மாற்றத் திட்ட மதிப்பீடு போட்டிருக்கிறீர்கள். அழகில்லை என்பதும் உண்மை. நாங்கள் அங்கே அழகுக்காக வாழவில்லை. யார் வருவார்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் கோரமண்டலிலும் விடியற்காலையில் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் தாத்தாக்கள் அந்த வீடுகளில் இருந்தவர்கள். சுரங்கம் மூடி இவ்வளவு காலமாகியும் இந்த ஊரை விட்டுப் போகாமல் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ரயிலில் கழிக்கிறார்களே, அவர்கள் வருவார்கள். அவர்களின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். 'கே.ஜி.எஃப்' சினிமாவைப் பார்த்துவிட்டு, இங்கே துப்பாக்கி ஏந்திய அடியாட்களும் விலங்கிட்ட அடிமைகளும்தான் இருந்தார்கள் என்று நம்பி ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும் உண்மையைக் காட்ட வேறு இடம் வேண்டாமா?

ஆகவே, குழுவினரே, நான் கேட்பது இவை.

சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீடுகளை அப்புறப்படுத்தும் பரிந்துரையை உடனே, எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள். வண்டிகள் நிற்க ஊரில் வெற்றிடத்துக்குப் பஞ்சமில்லை. எங்களிடம் மிஞ்சியிருப்பதே அதுதான். அந்த வரிசையில் நான்கு வீடுகளையாவது, இருந்தது இருந்தபடி, அடுப்பு மூலையும் குளியல் சதுரமும் பொதுச் சுவரும் மாறாமல் செப்பனிட்டுப் பட்டியலில் சேருங்கள். ஒன்றைப் பளபளவென்று புதுப்பித்துப் பூந்தொட்டி வைத்துவிட வேண்டாம். அங்கே இப்போதும் குடியிருக்கிற குடும்பங்களிடம் முதலில் பேசி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே எதையும் செய்ய வேண்டும். பாரம்பரியத்தின் பெயரால் ஒருவரும் வெளியேற்றப்படக் கூடாது.

பதிவேடுகள் எங்கெங்கே எஞ்சியிருக்கின்றன என்று தேடுங்கள். பூட்டிக் கிடக்கும் அறைகளில் இருக்கலாம். ஓய்வுபெற்றவர்களின் டிரங்குப் பெட்டிகளில் இருக்கலாம். அவற்றைப் படம் பிடித்து, சுரங்கங்களில் இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டி, கல்லில் பொறித்து, ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் நிறுத்துங்கள். 1946-ல் இறந்த ஆறு பேருக்கும் வரலாற்றுச் சுருக்கத்தில் அவர்களுக்குரிய இடத்தைக் கொடுங்கள்.

கீழே வேலை பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் நாளுக்கு நாள் குறைகிறார்கள். டிரில்லர், டிம்பர்மேன், கேஜ் ஓட்டியவர், சங்கு ஊதியவர், கேட்டில் காத்து நின்ற பெண்கள் ஆகியோரின் பேச்சை அவர்கள் பேசும் மொழியிலேயே, தமிழாக இருந்தாலும் தெலுங்காக இருந்தாலும் கன்னடமாக இருந்தாலும், இந்த ஆண்டுக்குள் ஒலிப்பதிவு செய்யுங்கள். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிடத் திட்டமிட்டிருக்கும் வரலாற்று நூலைத் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிடுங்கள். அதில் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர்கள் அதைப் படிக்க முடிய வேண்டும். அந்த நூலை அச்சுக்கு அனுப்புமுன், சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் குறைந்தது ஐந்து பேரைக் குழுவில் சேர்த்து, அவர்கள் படித்துத் திருத்த வாய்ப்புக் கொடுங்கள்.

என்னிடம் உள்ள நான்கு பதிவேடுகளையும் தந்தையின் பித்தளை வில்லையையும் தங்களிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். எங்கே வைப்பீர்கள், யார் பொறுப்பு, வேண்டும்போது குடும்பத்தினர் பார்க்க முடியுமா என்பதற்கு எழுத்து மூலம் பதில் கிடைத்தபின் கொண்டுவருகிறேன். வரும் நவம்பர் 4-ஆம் நாளுக்கு முன் அந்தப் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இவண்,
சாம்பியன் ரீஃப் டிம்பர்மேன் ஒருவரின் மகன்,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
கோலார் தங்கவயல்